ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா? லோட் டெஸ்ட்டுக்கு எந்தக் கருவி?

லயத்துப் பையன் | 2 ஜூன் 2025, இரவு 9.14

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சில செம்பனைத் தோட்டங்களுக்குப் பெரட்டு (காலை வருகைப் பதிவு) எடுக்கும் செயலி செய்கிறோம். காலையில் மண்டோர் (வேலை மேற்பார்வையாளர்) ஹேண்ட்போனில் ஆள் கணக்கு எடுப்பார், சம்பளச் சீட்டும் அதிலேயே வரும். பிஎச்பியில் லாராவெல், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல், முன்னால் வெப்சர்வர் என்ஜின்எக்ஸ். சர்வர் கிளவுட்டில், 2 சிபியு, 4 ஜிபி. மொத்தம் 64 மண்டோர், 1,900 தொழிலாளர். ஒப்பந்தத்தில் "ஒரே நேரத்தில் 1,000 யூசர் தாங்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கிறது, நிரூபித்துக் காட்டு என்கிறார்கள். ஜேமீட்டர் என்ற லோட் டெஸ்ட் கருவியில் 1,000 திரெட் (ஒரு திரெட், ஒரு யூசர் மாதிரி) போட்டேன், லேப்டாப் உறைந்துவிட்டது. கே6 என்ற கருவி தேவலாம் என்கிறார்கள். எதை எடுக்கட்டும்?

தராசு முனை | 2 ஜூன், இரவு 10.03

கருவி அப்புறம். முதலில் அந்த வரிக்குக் கணக்குப் போடுங்கள். "1,000 யூசர்" என்பது ஓர் அளவே இல்லை.

ஒருவர் ஒரு திரையைத் தட்டிவிட்டு அடுத்ததைத் தட்ட 30 வினாடி எடுக்கிறார், சர்வர் அரை வினாடியில் பதில் சொல்கிறது என்று வைப்போம். 1,000-ஐ 30.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 33 ரிக்வெஸ்ட் (சர்வருக்குப் போகும் கோரிக்கை). அதே 1,000-ஐ டைமர் இல்லாமல் ஜேமீட்டர் திரெட்டாகப் போட்டால், பதில் வந்த மறுகணமே ஒவ்வொரு திரெட்டும் அடுத்ததை அனுப்பும். 1,000-ஐ 0.5-ஆல் வகுங்கள், 2,000. ஒரே வரி, 60 மடங்கு வித்தியாசம். சர்வர் விழுந்தால் உங்கள் தலையில், தாங்கினால் தேவையில்லாத பெரிய சர்வருக்கு மாதாமாதம் வெள்ளி (ரிங்கிட்).

வினாடிக்கு எத்தனை ரிக்வெஸ்ட், 95 சதவீதப் பதில் எத்தனை மில்லிவினாடிக்குள், பிழை எத்தனை சதவீதம் வரை, எத்தனை நிமிடம். இந்த நாலையும் எழுத்தில் வாங்காமல் கருவியைத் திறக்காதீர்கள்.

தராசு முனை | 2 ஜூன், இரவு 10.31

பெரட்டுக் கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். 1,900 பேர், 5.45-லிருந்து 6.10 வரை, ஆளுக்கு ஒரு ரிக்வெஸ்ட். வினாடிக்கு 1.3. இதற்கு லோட் டெஸ்ட்டே வேண்டாம்.

ஆனால் பெரட்டுக் களத்தில் லைன் கிடைக்காத இடம் இருக்கும். செயலி சேமித்து வைத்து, ஆபீஸ் பக்கம் வந்ததும் மொத்தமாகத் தள்ளும், இல்லையா? அப்போது 64 ஹேண்ட்போன், தலா 30 பதிவு, 2 நிமிடத்துக்குள். வினாடிக்கு 16. பிஎச்பியை ஓட்டும் எஃப்பிஎம்மோடு வரும் அமைப்புக் கோப்பில் மேக்ஸ் சில்ட்ரன் (ஒரே நேரத்தில் வேலை செய்யும் ப்ராசஸ் எண்ணிக்கை) 5 என்றுதான் இருக்கும். ஒரு பதிவுக்கு 0.3 வினாடி பிடித்தால் 5-ஐ 0.3-ஆல் வகுத்து 16.7, அதற்கு மேல் போகாது. 16 வந்து 16.7 போவது காகிதத்தில் சரி. நடப்பில் ஒரே ஒரு மெதுவான குவெரி போதும், வரிசை நீளும், செயலி டைம்அவுட் ஆகி மறுபடி அனுப்பும், 16 என்பது 32 ஆகும். அதற்குப் பிறகு சர்வர் தானாக மீளாது.

லயத்துப் பையன் | 2 ஜூன், இரவு 10.58

சேமித்துத்தான் அனுப்புகிறோம் அண்ணே. பதில் வராவிட்டால் 10 வினாடிக்கு ஒரு தடவை மறுபடி. மேக்ஸ் சில்ட்ரன் பார்த்தேன், 5 தான். சம்பளச் சீட்டுக்கும் இப்படிக் கணக்குப் போடலாமா? சீட்டு தமிழ், மலாய், வங்காளம் மூன்றிலும் வர வேண்டும். டோம்பிடிஎஃப் என்ற பிடிஎஃப் கருவியில் தமிழ் எழுத்து கோத்து வரவில்லை என்று ஹெட்லெஸ் குரோமுக்கு (திரையில்லாமல் சர்வரில் ஓடும் குரோம்) மாறினோம். ஒரு சீட்டுக்கு ஒன்றரை வினாடி.

தராசு முனை | 3 ஜூன், காலை 7.20

அந்த ஒன்றரை வினாடிதான் உங்கள் பிரச்சினை. 1,000 யூசர் இல்லை.

1955 வேலைச் சட்டப்படி சம்பளக் காலம் முடிந்து 7ஆம் நாளுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆகவே எல்லாத் தோட்டமும் ஒரே ஓரிரண்டு நாளில் போடும். போட்டதும் 1,900 பேருக்கும் அறிவிப்பு ஒரே மூச்சில் போகும். பாதிப் பேர் 3 நிமிடத்தில் திறந்தால் வினாடிக்கு 5.3 சீட்டு. ஒன்றுக்கு 1.5 வினாடி சிபியு என்றால் 8 கோர் வேண்டும், உங்களிடம் 2. வினாடிக்கு 1.33-க்கு மேல் அடிக்க முடியாது, 950 சீட்டு முடிய 12 நிமிடம். என்ஜின்எக்ஸ் 60 வினாடிக்கு மேல் காத்திருக்காது, 504 (நேரம் கடந்தது) சொல்லிவிடும். அந்த ஆள் மறுபடி தட்டுவார். முதல் தடவை கிளம்பிய குரோம் இன்னும் உள்ளே ஓடிக்கொண்டிருக்கும்.

இதை எந்தக் கருவியும் சொல்ல வேண்டியதில்லை. சீட்டை முதல் நாள் ராத்திரியே க்யூவில் (பின்னணி வேலை வரிசையில்) அடித்து வையுங்கள். 1,900 சீட்டு, ஒரே கோரில் 48 நிமிட வேலை. காலையில் கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும். அறிவிப்பையும் தோட்டம் தோட்டமாக 10 நிமிடத்துக்குப் பரப்பி அனுப்புங்கள்.

உள்நுழைவையும் மறக்காதீர்கள். லாராவெல் 11-லிருந்து பிகிரிப்ட் (கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் முறை) சுற்று எண் 12, அதற்கு முன் 10. எண் ஒன்று கூடினால் வேலை இரட்டிப்பு, ஆக நாலு மடங்கு. ஒரு சரிபார்ப்பு கால் வினாடி என்றால் 5.3 பேருக்கு 1.3 கோர் கடவுச்சொல்லுக்கே போய்விடும். சுற்றைக் குறைக்காதீர்கள். டோக்கனை (உள்நுழைந்ததற்கான அடையாளக் குறி) ஹேண்ட்போனில் நீண்ட நாள் வைத்து, உள்நுழைவு எண்ணிக்கையைக் குறையுங்கள்.

ஈப்போ ஜாவா | 3 ஜூன், மதியம் 12.40

கேட்டது கருவி, நீங்கள் சொல்வது கணக்கு வாத்தியார் பாடம். லேப்டாப் உறைந்தது ஜேமீட்டரின் குற்றமில்லை. ஜேமீட்டரின் திரை ஜன்னலைத் திறந்துவைத்தே ஓட்டியிருப்பார். 1998-லிருந்து ஓடும் கருவி, அதில் இல்லாதது எதிலும் இல்லை.

தராசு முனை | 3 ஜூன், மதியம் 1.15

உறைந்ததற்குக் காரணம் நீங்கள் சொன்னதுதான். ஜேமீட்டர் ஜன்னல் ஸ்கிரிப்ட் எழுத மட்டும். ஓட்டுவது கட்டளை வரியில், ஜன்னல் இல்லாத முறையில். வியூ ரிசல்ட்ஸ் ட்ரீ என்ற முடிவுப் பட்டியலை எடுத்துவிட வேண்டும், அது பதில்களை முழுதாக நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். ஜாவா ஹீப் (ஜேமீட்டருக்கு ஒதுக்கிய நினைவகம்) இயல்பாக 1 ஜிபி. ஒரு யூசருக்கு ஒரு திரெட், 1,000 திரெட்டோடு அந்த ட்ரீயும் திறந்திருந்தால் 1 ஜிபி எம்மாத்திரம். முடிவை ஜேடிஎல் கோப்பில் எழுதவிட்டு, எச்டிஎம்எல் அறிக்கையை ஓட்டம் முடிந்தபின் எடுங்கள்.

"அதில் இல்லாதது எதிலும் இல்லை" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். விளக்கம் இரவில்.

தராசு முனை | 3 ஜூன், இரவு 9.45

கருவி தேர்வில் நான் முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று. யூசர் எண்ணிக்கையைக் கொடுக்கிறோமா, வருகை விகிதத்தைக் கொடுக்கிறோமா?

ஆலையின் தராசு மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். 10 லோரிதான் இருக்கிறது, எடைபோட்ட லோரி குலையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தால்தான் அடுத்த நிறுவை என்றால், தராசு கெட்டு நின்றாலும் வரிசை 10-ஐத் தாண்டாது. இது மூடிய முறை. வெளித்தோட்ட லோரிகள் தராசின் நிலவரம் தெரியாமல் 5 நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருந்தால் வரிசை சாலை வரை போகும். இது திறந்த முறை. சம்பள நாள் திறந்த முறைதான். சர்வர் மெதுவாகிவிட்டது என்று யாரும் சீட்டுப் பார்ப்பதைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

மூடிய முறைக் கருவி சர்வர் தடுமாறும்போது தானும் நிதானித்துவிடும். சர்வர் மோசமாக இருக்கும் நேரத்தில்தான் மிகக் குறைவாக அளக்கும். கில் டெனே என்ற பொறியாளர் இதற்குக் கோஆர்டினேட்டட் ஒமிஷன் என்று பெயர் வைத்தார். டபிள்யூஆர்கே2 அவர் அதற்காகவே திருத்தி எழுதிய கருவி.

பேச்சு வேண்டாம், அளந்து பாருங்கள். டெஸ்ட் சர்வரில், 10 மில்லிவினாடியில் பதில் சொல்லும் ஒரு பக்கத்துக்கு வினாடிக்கு 50 வீதம் 60 வினாடி அனுப்புங்கள். நடுவில் என்ஜின்எக்ஸ் ப்ராசஸ்களுக்கு ஸ்டாப் சிக்னல் கொடுத்து 10 வினாடி உறையவைத்து, கன்டினியூ சிக்னலில் எழுப்புங்கள்.

மூடிய முறையில் 10 யூசர், ஆளுக்கு வினாடிக்கு 5. உறைந்த நேரத்தில் ஆளுக்கு ஒரு ரிக்வெஸ்ட் மாட்டும். மொத்தம் 2,510-இல் 10 மட்டுமே மெதுவு, 0.4 சதவீதம். பி99 (99 சதவீதப் பதில் வந்துவிடும் நேரம்) வெறும் 10 மில்லிவினாடி. அறிக்கை பளபளக்கும்.

திறந்த முறையில் 3,000 போகும், உறைந்த நேரத்தில் வந்தவை 500. முதலில் வந்தது 10 வினாடி காத்திருக்கும், கடைசியில் வந்தது உடனே போகும். பி90 4 வினாடி, பி95 7 வினாடி, பி99 9.4 வினாடி.

சர்வர் ஒன்றுதான், உறைந்ததும் அதே 10 வினாடிதான். ஒரு கருவியை எடைபோட அரை மணி நேரம்தான் இருக்கிறது என்றால் இந்தச் சோதனையை மட்டும் செய்யுங்கள். மீதி எல்லாம் ருசி.

லயத்துப் பையன் | 3 ஜூன், இரவு 11.20

கே6-இல் செய்தேன். கான்ஸ்டன்ட் அரைவல் ரேட் (நிலையான வருகை விகிதம்), வினாடிக்கு 50. நீங்கள் சொன்ன 7 வினாடி வரவில்லை. பி95 10 மில்லிவினாடிதான் காட்டுகிறது. பி99 வரியே காணோம்.

தராசு முனை | 4 ஜூன், காலை 6.50

மேக்ஸ் வியூஸ் (கே6 உண்டாக்கும் போலி யூசர்களின் உச்ச எண்ணிக்கை) 100 போட்டிருப்பீர்கள்.

திறந்த முறையிலும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டையும் தாங்கிப் பிடிக்க ஒரு யூசர் வேண்டும். வினாடிக்கு 50, 10 வினாடி காத்திருப்பு, ஆக 500 யூசர். 100 தான் இருந்தால் 2 வினாடியில் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள், மீதி 8 வினாடியில் 400 ரிக்வெஸ்ட் கிளம்பவே கிளம்பாது. சுருக்கத்தின் கீழே டிராப்டு இட்டரேஷன்ஸ் (ஓடாமல் விட்ட சுற்றுகள்) என்று ஒரு வரி இருக்கும், 400-ஐ ஒட்டி ஓர் எண் நிற்கும், பாருங்கள். போன 2,600-இல் 100 மட்டுமே மெதுவு, 4 சதவீதத்துக்கும் கீழே. பி95 அதைத் தொடாது. ப்ரீஅலகேட்டட் வியூஸ் 600 கொடுங்கள். டிராப்டு இட்டரேஷன்ஸ் 0 இல்லாத ஓட்டத்தை அறிக்கையில் வைக்காதீர்கள். அதற்கும் ஒரு த்ரெஷோல்டு (தேர்ச்சி வரம்பு) எழுதிவிடுங்கள்.

பி99 வராதது கோளாறு இல்லை. சுருக்கத்தில் இயல்பாக வருவது சராசரி, குறைந்தது, நடு, அதிகம், பி90, பி95 மட்டும். சம்மரி ட்ரெண்ட் ஸ்டாட்ஸில் நாம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தராசு முனை | 4 ஜூன், காலை 7.05

மேலே சொன்னதற்கு ஒரு வால். எச்டிடிபிஎஸ் முகவரியிலா அடித்தீர்கள்? அப்படியென்றால் 600 கொடுத்தாலும் எண் சரியாக வராது. கே6-இன் எச்டிடிபி ரெக் டியூரேஷன் என்பது அனுப்பியது, காத்தது, வாங்கியது மூன்றும்தான். இணைப்பு நேரமும் டிஎல்எஸ் கைகுலுக்கலும் (பாதுகாப்பான இணைப்புக்கு இரு பக்கமும் முதலில் பேசிக்கொள்வது) தனிக் கணக்கு. புது யூசரின் டிசிபி இணைப்பைக் கெர்னலே (இயங்குதளத்தின் மையம்) முடித்துக் கொடுத்துவிடும், ஆனால் டிஎல்எஸ் உறைந்த என்ஜின்எக்ஸுக்காகக் காத்து நிற்கும். அந்தக் காத்திருப்பு முழுதும் வேறு வரியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இந்தச் சோதனைக்கு வெறும் எச்டிடிபி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இட்டரேஷன் டியூரேஷனைப் பாருங்கள். ஜேமீட்டரின் எலாப்ஸ்ட் இணைப்பு நேரத்தையும் சேர்த்தே சொல்லும். இரண்டு கருவியின் எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் வழுக்கும் இடம் இது.

விகிதத்தை 50-க்கு மேல் ஏற்றவும் வேண்டாம். லினக்ஸில் என்ஜின்எக்ஸின் காத்திருப்பு வரிசை இயல்பாக 511. 500 அதற்குள் அடங்கும். 100 வீதம் அடித்தால் வரிசை நிரம்பி இணைப்பே விழும், மறுமுயற்சி ஒரு வினாடி கழித்து. ஹிஸ்டோகிராமில் சரியாக 1 வினாடிக்குப் பக்கத்தில் ஒரு திமில் முளைத்தால் அது செயலி மெதுவு இல்லை, வரிசை நிரம்பல்.

பைத்தான் பக்தர் | 4 ஜூன், காலை 10.30

லோகஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே. பைத்தான் தெரிந்தால் பத்து நிமிடத்தில் ஸ்கிரிப்ட். கான்ஸ்டன்ட் த்ரூபுட் போட்டால் அதுவும் திறந்த முறைதானே. ஜேமீட்டரில்தான் திறந்த முறை கிடையாது.

தராசு முனை | 4 ஜூன், மதியம் 1.30

இரண்டும் தப்பு.

லோகஸ்ட்டின் கான்ஸ்டன்ட் த்ரூபுட் வேகத்துக்கு மேல் வரம்பு மட்டும்தான். யூசர் ஒரு பதிலுக்காக மாட்டிக்கொண்டால் அவர் அடுத்ததை அனுப்ப மாட்டார், விகிதம் இறங்கும். உறையவைக்கும் சோதனையில் அது மூடிய முறைக்காரன் மாதிரியே பதில் சொல்லும். மற்றபடி எனக்குப் பிடித்த கருவிதான். ஒரு ப்ராசஸ் ஒரு கோரை மட்டும் பயன்படுத்தும், கோர் எண்ணிக்கைக்கு ஏற்ப வொர்க்கர் ஓட்டுங்கள். எச்டிடிபி யூசருக்குப் பதில் ஃபாஸ்ட் எச்டிடிபி யூசர் எடுத்தால் அதே சிபியுவில் பல மடங்கு அனுப்பலாம்.

ஜேமீட்டரில் 5.5 பதிப்பிலிருந்து ஓப்பன் மாடல் திரெட் குரூப் உண்டு. பரிசோதனை நிலை என்ற குறிப்போடு வருகிறது, வேலை செய்கிறது. பலர் அதற்குப் பதிலாகக் கான்ஸ்டன்ட் த்ரூபுட் டைமரைப் போட்டுவிட்டுத் திறந்த முறை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்த டைமர் திரெட்டைத் தாமதப்படுத்த மட்டும் தெரிந்தது. திரெட் போதாவிட்டால் புதிதாக உண்டாக்காது.

தராசு முனை | 4 ஜூன், இரவு 10.10

சரி, கருவிகள். என் கணிப்பு, உங்கள் வேலைக்கு மட்டும்.

கே6. உங்களுக்கு இது. கோ மொழியில் எழுதியது, ஸ்கிரிப்ட் ஜாவாஸ்கிரிப்ட். நோட் ஜேஎஸ் இல்லை, அதை நம்பி எழுதிய பேக்கேஜ் ஓடாது. கிராஃபானா 2021-இல் வாங்கியது, 1.0 போன மாதம்தான் வந்தது. த்ரெஷோல்டு தோற்றால் 99 என்ற எக்ஸிட் கோடோடு நிற்கும், சிஐயில் (தானாக ஓடும் சோதனை வரிசையில்) மாட்ட வசதி. செக் (ஒரு பதில் சரியா என்று பார்ப்பது) தோற்றால் மட்டும் நிற்காது, இதில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஏஜிபிஎல் (மூலநிரலைத் திறந்து வைக்கச் சொல்லும்) உரிமம் என்று பயப்பட வேண்டாம். கருவியை ஓட்டுவதால் உங்கள் செயலிக்கு எதுவும் ஒட்டாது.

ஜேமீட்டர். ஜேடிபிசி, ஜேஎம்எஸ், எல்டாப், எஃப்டிபி என்று எச்டிடிபி தாண்டிப் போகும்போது இதுதான். ஸ்கிரிப்ட் எக்ஸ்எம்எல், கிட்டில் இரண்டு பேர் மாற்றியதை ஒன்றுசேர்ப்பது நரகம். பல இயந்திரத்தில் ஓட்டினால் இரண்டைக் கவனியுங்கள். 100 திரெட், 3 இயந்திரம் என்றால் 300 திரெட், பகிராது, பெருக்கும். சிஎஸ்வி கோப்பைத் தானாக அனுப்பாது, ஒவ்வொன்றிலும் நாமே வைக்க வேண்டும்.

கேட்லிங். ஓப்பன், குளோஸ்டு இரண்டையும் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறது. அந்த நேர்மைக்காகவே பிடிக்கும். அறிக்கையும் அழகு. முன்பு ஸ்காலா தெரிய வேண்டும், 3.7-லிருந்து ஜாவா போதும். இலவசப் பதிப்பில் பல இயந்திரத்தைச் சேர்த்து ஓட்ட வழியில்லை. ஈப்போ ஜாவா இதைத்தான் பிடித்திருக்க வேண்டும், பழக்கதோஷம் விடாது.

வெஜிட்டா. ஒரே முகவரிக்கு நிலையான விகிதத்தில் அடிக்க இதைவிடச் சின்னது இல்லை. உறையவைக்கும் சோதனையில் அத்தாட்சியாகப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏபி (அப்பாச்சி பெஞ்ச்) வேண்டாம். எச்டிடிபி 1.0, ஒற்றைத் திரெட்.

லோட்ரன்னர் உங்களுக்கு இல்லை. சாப் கூய், சிட்ரிக்ஸ் மாதிரி சமாச்சாரம் இருக்கும் பெரிய கம்பெனிக்கு அதற்கான நியாயம் இருக்கிறது.

ஈப்போ ஜாவா | 4 ஜூன், இரவு 10.40

பழக்கதோஷமா! கேட்லிங் 2-இலிருந்து ஓட்டுகிறேன் ஐயா. இங்கே எல்லாரும் ஜேமீட்டரை மட்டம்தட்டுவதால் வக்காலத்து வாங்கினேன், அவ்வளவுதான். ஒன்றை விட்டுவிட்டீர்கள். தோட்டத்து 4ஜி மெதுவு. ஜேமீட்டரில் எச்டிடிபி கிளையன்ட் சிபிஎஸ் என்று ஒரு அமைப்பு உண்டு, இணைப்பின் வேகத்தைக் குறைத்துக் காட்டலாம். கே6-இன் எச்டிடிபி பகுதியில் அது இல்லை.

தராசு முனை | 5 ஜூன், காலை 7.00

நல்ல குறிப்பு. ஆனால் மெதுவான லைன் பாதிக்குமா என்பது சர்வரின் முன்பக்கத்தைப் பொறுத்தது. என்ஜின்எக்ஸ் மெதுவான ஹேண்ட்போனின் ரிக்வெஸ்ட்டை முழுதாக வாங்கிச் சேர்த்து வைத்த பிறகே பிஎச்பிக்குக் கொடுக்கும், பதிலையும் தானே பிடித்துவைத்து மெல்ல விடும். மெதுவான லைன் பிஎச்பி சில்ட்ரனை அடைத்துக்கொள்ளாது. பழைய அப்பாச்சி ப்ரீஃபோர்க்கில் பிஎச்பி ஓடினால் கதை வேறு. ஒரு மெதுவான ஆள் ஒரு ப்ராசஸை முழுதாகப் பிடித்துக்கொள்வார், அங்கே உங்கள் அமைப்பு உயிர்காக்கும்.

தராசு முனை | 5 ஜூன், இரவு 9.30

ஸ்கிரிப்ட் எழுதும்போது பார்க்க வேண்டியவை, வரிசையில்லாமல்.

பதிலின் உள்ளடக்கத்தைச் சரிபாருங்கள். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) பெரட்டை உறுதிப்படுத்தும் வலைப்பக்கத்தில் சிஎஸ்ஆர்எஃப் டோக்கன் (போலிக் கோரிக்கையைத் தடுக்கும் குறி) இருக்கும். ரெக்கார்டு செய்த பழைய டோக்கனை அனுப்பினால் லாராவெல் 419 சொல்லும், அது தெரிந்துவிடும். தெரியாதது செஷன் போனால் வரும் 302 (வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது). கே6 அதைப் பின்தொடர்ந்து உள்நுழைவுப் பக்கத்துக்குப் போய் 200 வாங்கி வெற்றி என்று எழுதிக்கொள்ளும். உள்நுழைவுப் பக்கம் டேட்டாபேஸை அவ்வளவாகத் தொடாது, அதனால் படு வேகம். கிராஃப் திடீரென்று அழகானால் சந்தேகப்படுங்கள்.

கே6 ஒவ்வொரு இட்டரேஷனிலும் குக்கியைத் துடைத்துவிடும். இட்டரேஷனுக்குள் உள்நுழைவு வைத்தால் பிகிரிப்ட்டைத்தான் சோதிக்கிறீர்கள், பெரட்டை இல்லை. டோக்கன்களை முன்கூட்டியே எடுத்துக் கோப்பில் வையுங்கள். அந்தக் கோப்பை ஷேர்டு அர்ரேயில் ஏற்றுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு யூசருக்கும் ஒரு நகல், ரேம் போய்விடும்.

ஏபிஐயில் த்ராட்டில் 60 (ஒருவருக்கு நிமிடத்துக்கு 60 ரிக்வெஸ்ட் என்ற வரம்பு) போட்டிருக்கிறீர்களா? மண்டோர் 30 பதிவு தள்ளி, டைம்அவுட்டில் அதே 30-ஐ மறுபடி தள்ளினால் அந்த நிமிடத்தின் 60 தீர்ந்தது, அடுத்தது 429 (வரம்பு மீறல்). இது டெஸ்ட்டுக்கு மட்டுமான தொல்லை இல்லை, 6.10-க்கு நிஜமாக நடக்கப் போவது.

ஓட்டம் முடிந்ததும் டேட்டாபேஸை எண்ணுங்கள். 1,920 பதிவு அனுப்பி 1,947 வரிசை இருந்தால் 27 பேருக்கு இரட்டைப் பேர் (ஒரு நாள் வேலை இரண்டாகப் பதிவு). சர்வர் எழுதிவிட்டது, பதில் மட்டும் தாமதம், ஹேண்ட்போன் மறுபடி அனுப்பியது. ஹேண்ட்போனிலேயே ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தனி அடையாள எண் போட்டு, சர்வரில் அதற்கு யூனிக் இண்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு தடவை ஏறாத ஏற்பாடு) வைத்தால் தீரும்.

ஒரே தொழிலாளர் எண்ணை வைத்து அடிக்காதீர்கள். ஒரே வரிசை கேஷில் சூடாக இருக்கும், அல்லது அதே வரிசையைப் பூட்டிப் பூட்டித் திறக்கும். இரண்டும் பொய். 1,900 போலி ஆட்களை உண்டாக்குங்கள். உண்மையான மைகார்டு (அடையாள அட்டை) எண்களை டெஸ்ட் சர்வருக்கு நகலெடுப்பது 2010 தனிநபர் தரவுச் சட்டத்தோடு மல்லுக்கட்டுவது. எண்ணின் 7, 8ஆம் இலக்கம் பிறந்த இடத்துக்கான குறியீடு, பேராக் என்றால் 08. அங்கே 00 போட்டால் யார் எண்ணோடும் மோதாது.

லயத்துப் பையன் | 6 ஜூன், இரவு 8.40

30 பதிவை ஒரே ரிக்வெஸ்ட்டாக மாற்றிவிட்டோம். மறுமுயற்சி இடைவெளியை 10, 20, 40 என்று கூட்டி, கொஞ்சம் சிதறவும் விட்டாயிற்று. 64 ஹேண்ட்போன், 2 நிமிடம், பி95 400 மில்லிவினாடி. சீட்டைத்தான் வீட்டிலிருந்து சோதிக்க முடியவில்லை. வினாடிக்கு 30-ஐத் தாண்டினால் எல்லாம் மெதுவு, சர்வரோ சும்மா இருக்கிறது.

தராசு முனை | 6 ஜூன், இரவு 9.05

சீட்டு எத்தனை கேபி? 400 என்றால் 30 சீட்டு வினாடிக்கு 12 எம்பி, அதாவது 96 மெகாபிட். உங்கள் வீட்டு லைன் 100 மெகாபிட்டா? லைனை அளந்திருக்கிறீர்கள், சர்வரை இல்லை.

அடிக்கிற இயந்திரம் சர்வர் இருக்கும் அதே கிளவுட் வட்டாரத்தில் இருக்கட்டும், ஆனால் அதே இயந்திரம் வேண்டாம், சிபியுவுக்கு அடித்துக்கொள்ளும். கோப்பின் உள்ளடக்கம் தேவையில்லாத இடத்தில் டிஸ்கார்டு ரெஸ்பான்ஸ் பாடீஸ் போடுங்கள். ரேம் குறையும், லைன் சுமை குறையாது. அடிக்கிற இயந்திரத்தின் சிபியு 80 சதவீதத்தைத் தாண்டிய ஓட்டத்தின் எண்களை நான் எடுப்பதில்லை.

400 கேபியும் அதிகம். மூன்று மொழி எழுத்துருவையும் முழுதாகச் சீட்டுக்குள் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

தராசு முனை | 6 ஜூன், இரவு 9.20

சர்வர் அமேசான் கிளவுட்டின் டி3 மீடியம் வகையா? 2 சிபியு, 4 ஜிபி என்றதும் அந்தச் சந்தேகம். அதன் அடிப்படை வேகம் சிபியுவுக்கு 20 சதவீதம், மீதி சேர்த்து வைத்த கிரெடிட்டில் ஓடுவது. 5 நிமிட டெஸ்ட்டில் புலி. ஸ்டாண்டர்டு முறையில் இருந்தால் கிரெடிட் தீர்ந்ததும் ஐந்தில் ஒரு பங்கு. அன்லிமிடெட் முறையில் வேகம் குறையாது, பில்லில் தெரியும். ஒரு ஓட்டமாவது 2 மணி நேரம் விடுங்கள், கிரெடிட் கிராஃபைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு.

பைத்தான் பக்தர் | 7 ஜூன், காலை 9.15

ஹாஜிப் பெருநாள் அன்றுமா? சர்வருக்காவது லீவு கொடுங்கள் ஐயா.

தராசு முனை | 7 ஜூன், காலை 9.40

விடுமுறை நாள்தான் டெஸ்ட்டுக்கு உகந்தது, பெரட்டு கிடையாது. தீபாவளி மாதத்துக்கும் ஒரு தனி ஓட்டம் வேண்டும். முன்பணம், போனஸ், சம்பளம் மூன்று சீட்டும் ஒட்டி ஒட்டி வரும், ஒரே ஆள் ஒரே நாளில் பல தடவை திறப்பார். 5.3-ஐ மூன்றால் பெருக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

லயத்துப் பையன் | 7 ஜூன், இரவு 10.15

எல்லாம் சரி அண்ணே, ஆனால் மானேஜர் ஒப்பந்தத்தைத் திறந்து "1,000 யூசர் எங்கே" என்றுதான் கேட்பார். வினாடிக்கு 33 என்றால் அவருக்குப் புரியாது.

தராசு முனை | 7 ஜூன், இரவு 10.50

அவருக்கு ஒரு தனி ஓட்டம் காட்டிவிடலாம். ரேம்பிங் வியூஸ் (யூசரைப் படிப்படியாக ஏற்றும் முறை), இலக்கு 1,000. ஒவ்வொரு இட்டரேஷன் முடிவிலும் 20-லிருந்து 40 வினாடிக்குள் ஏதோ ஒரு தூக்கம். எல்லாருக்கும் சரியாக 30 என்று வைக்காதீர்கள், ஒரே தாளத்தில் அலை அலையாக வந்து மோதுவார்கள். முதல் இட்டரேஷனுக்கு முன்பும் 0-லிருந்து 30-க்குள் ஒரு தூக்கம். 0-விலிருந்து 1,000-க்கு 5 நிமிடம், 1,000-இல் 30 நிமிடம், இறங்க 2 நிமிடம். கே6-இல் ஒரு யூசருக்கு 1-லிருந்து 5 எம்பி வரை போகும், அடிக்கிற இயந்திரத்துக்கு 8 ஜிபி வைத்துக்கொள்ளுங்கள். ஓப்பன் ஃபைல்ஸ் வரம்பு 1,024-ஆக இருந்தால் 1,000 இணைப்போடு கழுத்தைப் பிடிக்கும், அந்த வரம்பை வைக்கும் யூலிமிட்டை முதலில் 10,000 ஆக்குங்கள்.

திரையில் 1,000 என்று பெரிதாக நிற்கும், அவருக்கு அது போதும். பக்கத்திலேயே வினாடிக்கு 33 என்ற வரியும் ஓடும். கையெழுத்து வாங்கும் தாளில் இரண்டு எண்ணும், 20-லிருந்து 40 வினாடி என்ற இடைவெளியும், ஸ்கிரிப்ட்டின் கிட் கமிட் எண்ணும் இருக்கட்டும். உறையவைக்கும் சோதனையை மட்டும் அவர் முன்னால் செய்ய வேண்டாம்.